மலையகத்தில் எச்.ஐ.வி. சிகிச்சை: முதல் சந்தேகத்திலிருந்து முறையான மாத்திரை வரை

இலங்கையின் அரச வைத்தியத்துறையில் எச்.ஐ.வி.க்கான மருந்து 2004ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பரிசோதனைக்கும் பணமில்லை. அப்படியிருந்தும் தோட்டங்களிலிருந்து நான் கூட்டிச் சென்ற பலர், மாதக்கணக்கில் அங்குமிங்கும் அலைந்துவிட்டுத்தான் கிளினிக் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். எதை முதலில் செய்வது, யாரிடம் எப்போது வாய்திறப்பது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொன்னதோ தலைகீழ் வரிசை. கீழே இருப்பது நான் பார்த்துப் பழகிய வரிசை.

1. முதலில் நாட்களை எண்ணுங்கள்

ஆணுறை கிழிந்தது, பலாத்காரம் நடந்தது, பிறர் பயன்படுத்திய ஊசி குத்தியது என்று நேற்றோ முந்தாநாளோ ஏதேனும் நடந்திருந்தால், இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். தொற்று ஏற்படாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. கிளினிக் மூடியிருக்கும் நேரமென்றால் பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

அந்தக் காலம் தாண்டிவிட்டதென்றால் அடுத்தது பரிசோதனை. சம்பவம் நடந்த மறுவாரமே சோதித்து, ‘இல்லை’ என்ற முடிவோடு நிம்மதியாகிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தொற்று இரத்தத்தில் தெரியவரச் சில வாரங்கள் ஆகும். ஆய்வுகூடத்தில் செய்யும் நவீன பரிசோதனைக்கு 45 நாட்களும், விரலில் குத்தியோ வாயில் தடவியோ செய்யும் உடனடிப் பரிசோதனைக்கு 90 நாட்களும் கழிந்திருந்தால்தான் ‘இல்லை’ என்ற முடிவை நம்பலாம். அதற்காக 90 நாட்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. இப்போதே போய் ஒருமுறை சோதியுங்கள், அடுத்த திகதியைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். அதுவரை ஆணுறை பயன்படுத்துங்கள்.

2. முதல் ‘ரியாக்டிவ்’ என்ற சொல்லோடு வீட்டுக்குப் போகாதீர்கள்

தொற்று இருக்கலாம் என்ற இந்தச் செய்தி நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் தற்செயலாகவே வருகிறது. கர்ப்பிணிகள் கிளினிக்கில் எடுத்த இரத்தம், இரத்ததானம் செய்த பிறகு வரும் அழைப்பு, மார்பு நோய்க் கிளினிக்கில் காசநோயோடு சேர்த்துச் செய்யும் சோதனை, மத்திய கிழக்குக்குப் போவதற்கான மெடிக்கல் என்று அது பல வழிகளில் வரும்.

இவற்றில் ஆகவும் சிக்கலானது கடைசி வழி. ஒரு தங்கையை ‘அன்ஃபிட்’ என்ற ஒரே சொல்லோடு அனுப்பிவிட்டார்கள். என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை. முகவர் வேறொரு நிலையத்தில் இன்னொரு மெடிக்கல் செய்யச் சொன்னார், அதற்குக் கடன் வாங்கினாள், அங்கேயும் அதே சொல். என்னிடம் வந்தபோது ஐந்து மாதங்கள் போய்விட்டிருந்தன. ‘அன்ஃபிட்’ என்றால் எந்தச் சோதனையில் என்று கேளுங்கள், முடிவுத் தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் அவர்களோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காமல் அரச கிளினிக்கில் புதிதாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனையில் ‘ரியாக்டிவ்’ என்று வந்தால் ‘மேலும் பார்க்க வேண்டும்’ என்பதே அதன் பொருள். உறுதிப்படுத்தும் பரிசோதனை ஒன்று உண்டு. மாதிரியை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் சில நாட்கள் எடுக்கும். அந்தச் சில நாட்களில் கணவனிடமோ அக்காவிடமோ எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பிறகு முடிவு மாறி வந்து, சொன்ன வார்த்தையை மட்டும் திரும்ப எடுக்க முடியாமல் போன ஒரு வீட்டை எனக்குத் தெரியும். உறுதியாகும்வரை பொறுத்திருங்கள்.

தனியாக அந்த நாட்களைக் கடக்க முடியவில்லை, உயிரை மாய்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள். பெயரைச் சொல்லாமலே பேசத் தொடங்கலாம்.

3. எந்த ஊருக்குப் போவது

எச்.ஐ.வி. சிகிச்சைக்கான வாசல் அரச வைத்தியத்துறையின் பாலியல் நோய்க் கிளினிக்தான். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ‘எஸ்.டி.டி. கிளினிக்’ என்று கேட்டால் வழி காட்டுவார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை ஆகிய ஊர்களில் இருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இந்த மருந்து கிடைக்காது. தனியார் பாமசியில் வாங்கிக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். யாருடைய சிபாரிசுக் கடிதமும் தேவையில்லை, நேரே போகலாம். ‘நோ ஃபோர் ஷுவர்’ என்ற இணையத்தளத்தின் வழியாகவும் நேரம் பதியலாம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுப் பிரிவே அதை நடத்துகிறது.

பக்கத்து ஊருக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து பலர் கொழும்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் நாளைக்கு அது சரியாகத்தான் படும். ஆனால் இது ஆண்டுக்கணக்கில் போய்வர வேண்டிய வழி. பொகவந்தலாவையிலிருந்து நுவரெலியாவுக்கே ஹட்டன், தலவாக்கலை என்று பஸ் மாறிப் போக வேண்டும். கொழும்பென்றால் ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடும். மூன்றாவது தடவை ‘அடுத்த வாரம் போகலாம்’ என்று தோன்றும், நான்காவது தடவை போகமாட்டீர்கள். அந்த வைத்தியசாலையிலேயே உங்கள் சொந்தக்காரர் வேலை செய்கிறார் என்பது போன்ற காரணம் இருந்தாலொழிய, போய்வரச் சுலபமான ஊரைத் தேர்ந்தெடுங்கள். மாவட்டம் மாறிப் போவதில் தவறில்லை. ஹட்டன் பக்கத்தவர்களுக்குச் சில வேளை கண்டியே வசதி.

4. புறப்படுவதற்கு முந்தைய நாள்

கிளினிக் நடக்கும் நாளையும் நேரத்தையும் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். போயா தினத்தில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. ஒரு ‘பேர்’, அதாவது ஒரு நாள் சம்பளம், போனதுதான் மிச்சம்.

அந்தப் பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாத நாளுக்குச் சம்பளமில்லை. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் காரணமும் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு காரணத்தை முதலிலேயே முடிவு செய்துகொண்டு அதையே எப்போதும் சொல்லுங்கள். ‘பெரியாஸ்பத்திரியில் மாதக் கிளினிக்’ என்பது போதும், அது பொய்யுமில்லை. ஒருமுறை கண், அடுத்தமுறை பல், பிறகு வயிறு என்று மாற்றினால்தான் கணக்கப்பிள்ளைக்குச் சந்தேகம் வரும். தோட்ட அலுவலகத்தில் கொடுக்க டொக்டரிடம் துண்டு வாங்கினால், கொடுப்பதற்கு முன் அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள். கிளினிக்கின் பெயர் முத்திரையில் இருந்தால் வைத்தியசாலையின் பொது முத்திரையுள்ள துண்டு ஒன்று தர முடியுமா என்று அங்கேயே கேளுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: இதுவரை கிடைத்த இரத்தப் பரிசோதனைத் தாள்கள், வேறு நோய்க்கு எடுக்கும் மாத்திரைகளின் உறைகள், கர்ப்பிணியென்றால் கிளினிக் அட்டை, ஒரு கொப்பி, பேனை, கட்டிய சாப்பாடு. அடையாள அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அட்டை எடுக்க முடியாதவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அதைக் காரணமாக வைத்துப் போகாமல் இருக்க வேண்டாம்.

5. முதல் நாள் அறைக்குள்

உங்களுக்கு ஓர் இலக்கம் தருவார்கள். இனி எல்லாக் காகிதங்களிலும் அந்த இலக்கம்தான் பேசும். அதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். வரவேற்பு மேசையில் என்ன விடயம் என்று உரக்கக் கேட்டால் ‘உள்ளே சொல்கிறேன்’ என்று சொல்லலாம். தாழ்வாரத்தில் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டதால் ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிடும்படி கேட்டுக்கொண்டிருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும்.

அடுத்தது மொழி. சிங்களம் சரளமாக வராதவர்கள் பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஆளைத் துணைக்குக் கூட்டிச் செல்கிறார்கள். அதோடு இரகசியம் முடிந்துவிடும். தமிழ் தெரிந்த தாதியோ உத்தியோகத்தரோ இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், கேட்க வேண்டிய கேள்விகளை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, பெயர் இல்லாத தாளில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இராகலைப் பக்கத்து அக்கா ஒருவர் தாதி சொன்னதற்கெல்லாம் ‘ஹரி மிஸ், ஹரி மிஸ்’ (சரி மிஸ்) என்று தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மெல்லக் கேட்டார்: “இந்தப் போத்தல் முடிந்தால் குணமாகிவிடுமா, தம்பி?” அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்கவில்லை. வெளியே வருமுன் மூன்று விடயங்களை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு எடுப்பது, எதனோடு எடுக்கக்கூடாது, அடுத்த திகதி என்ன. கூடவே, இது நாள்தோறும், வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டிய மருந்து என்பதையும்.

தொலைபேசி இலக்கம் கேட்பார்கள். வராமல் விட்டால் தேடுவதற்காக அது. வீட்டில் எல்லோரும் எடுக்கும் கைபேசியின் இலக்கத்தைக் கொடுத்தால், யார் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஆள் வரக்கூடாதென்றால் அதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

6. சோதனைகள்

எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4, இரத்தத்திலுள்ள வைரஸ் அளவு, சிறுநீரகம், ஈரல், மஞ்சட்காமாலை வகைகள், சிபிலிஸ், மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரவில் வியர்வை, எடை குறைதல், விடாத தலைவலி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். காசநோயோ மூளைக்காய்ச்சலோ இருந்தால் எச்.ஐ.வி. மருந்தை எப்போது தொடங்குவது என்ற கணக்கே மாறும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்குச் சில எச்.ஐ.வி. மருந்துகளின் அளவும் மாற வேண்டியிருக்கும்.

7. மாத்திரை தொடங்குதல்

சிடி4 குறையட்டும் என்று காத்திருந்த காலம் போய்விட்டது. தொற்று உறுதியானால் முடிந்தவரை சீக்கிரம் தொடங்குவதுதான் இப்போதைய முறை. பொதுவாகத் தொடங்குவது தெனோஃபோவிர், லமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை. நாளுக்கு ஒன்று. முதல் சில வாரங்கள் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். தூக்கம் வராவிட்டால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். மாற்றினால், மலைக்குப் போகுமுன் தேநீர் குடிக்கும் வேளையோடு சேர்த்துவிடலாம். நாள் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு மாத்திரையைக் கட்டிவிட்டால் மறதி குறையும்.

இனி நம் பகுதியில் அதிகம் நடக்கும் தவறுக்கு வருகிறேன். தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும், கர்ப்பகாலத்தில் கல்சியம் மாத்திரையும் கொடுப்பார்கள். டோலுடெக்ராவிரை வெறும் வயிற்றில் இவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ஒன்று, சாப்பாட்டோடு எல்லாவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். இல்லையேல் எச்.ஐ.வி. மாத்திரையை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்துக்குச் சாப்பாட்டுச் சலுகையும் கிடையாது, அந்த 2 மணி, 6 மணி இடைவெளி எப்போதும் வேண்டும். மாத்திரையை ஒழுங்காக எடுத்தும் வைரஸ் குறையாத ஒருவருக்கு, கடைசியில் காரணம் இந்த வெள்ளைப் போத்தலாகவே இருந்தது.

நீரிழிவுக்கு மெட்ஃபோமின் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அதன் அளவைக் குறைக்க நேரலாம். நாள் முழுவதும் கூடை சுமந்து முதுகு வலிக்கிறதென்று டிக்ளோஃபெனாக் ஊசியோ மாத்திரையோ அடிக்கடி போடுபவர்களும் சொல்லுங்கள். தெனோஃபோவிரோடு அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். நோயின் பெயரை எல்லா டொக்டரிடமும் சொல்லத் தயக்கமாக இருந்தால், மருந்தின் பெயர்களையாவது எழுதிய துண்டொன்றைக் காட்டுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் எடுங்கள். அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டை ஒன்றாகப் போட வேண்டாம்.

8. லயத்துக்குள் போத்தல்

பத்தடி அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் போத்தலை எங்கே ஒளிப்பது? இதைக் கிளினிக்கில் யாரும் சொல்லித் தருவதில்லை. தம்பி ஒருவன் பையைத் தோளில் மாட்டும்போதெல்லாம் உள்ளே போத்தல் கலகலவென்று சத்தம் போடும். “என்னடா கிலுகிலுப்பையா வாங்கி வைத்திருக்கிறாய்?” என்று அம்மா கேட்டாராம். அன்றிலிருந்து மூன்று நாட்கள் அவன் மாத்திரை எடுக்கவில்லை. கொஞ்சம் சுத்தமான பஞ்சை உள்ளே அடைத்தோம், சத்தம் நின்றது.

மாத்திரையைக் காகிதத்தில் கொட்டிச் சுற்றி வைக்காதீர்கள். போத்தலுக்குள் இருக்கும் சிறு பொட்டலம் ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைக்கப்பட்டது. மூடுபனி இறங்கும் ஊரில் அது மிகவும் தேவை. அடுப்பங்கரை, கூரைத்தகரத்தின் அடி, சாமிப்படத்தின் பின்புறம் எதுவும் வேண்டாம். முதலாவது சூடு, இரண்டாவது சொட்டும், மூன்றாவதை வெள்ளிக்கிழமை தோறும் யாராவது துடைப்பார்கள். துணிப்பெட்டியின் அடியில் உங்கள் உடுப்புகளுக்கிடையே வைப்பதே நல்லது. பிள்ளைகளின் கைக்கு எட்டவும் கூடாது.

9. யாரிடம் சொல்வது

முதலில் துணைவருக்கு. அவருக்கும் சோதனை வேண்டும் என்பதே காரணம். தாய்க்குத் தொற்றிருந்தால் பிள்ளைகளுக்கும் வேண்டும். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் கிளினிக்குக்கு அழைத்து வந்து டொக்டர் முன்னிலையில் சொல்லலாம். அடிதடி நடக்கும் வீடென்றால் அதைக் கிளினிக்கில் முன்பே சொல்லுங்கள், சொல்லும் முறையை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்யலாம்.

மற்றபடி அவசரமில்லை. கங்காணிக்கோ, தலைவருக்கோ, கோயில் கமிட்டிக்கோ தெரிய வேண்டிய விடயமல்ல இது. 2016இல் குளியாப்பிட்டிப் பகுதியில் தொற்றே இல்லாத ஒரு சிறுவனை வெறும் வதந்தியை நம்பிப் பாடசாலைகள் சேர்க்க மறுத்தன, கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரிதான் இடம் கொடுத்தது. வதந்தி எவ்வளவு தூரம் ஓடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஆளைத் தேர்ந்தெடுங்கள். இதே வழியில் நடந்தவர்களோடு பேச வேண்டுமென்றால் ‘லங்கா பிளஸ்’, ‘பொசிட்டிவ் விமன்ஸ் நெட்வொர்க்’ போன்ற அமைப்புகள் இருக்கின்றன. தொடர்புகொள்ளும் வழியைக் கிளினிக்கில் கேளுங்கள்.

துணைவருக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: மருந்தை ஒழுங்காக எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் தொற்று பரவாது. குறைந்துவிட்டதா என்பதை வைரஸ் அளவுப் பரிசோதனைதான் சொல்லும். ‘உடம்பு நன்றாக இருக்கிறது’ என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. அந்தத் தாளைக் கையில் வாங்கும்வரை ஆணுறை வேண்டும்.

10. கர்ப்பிணியாக இருந்தால்

பயந்து கிளினிக்கை நிறுத்திவிடாதீர்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார அமைப்பு 2019 டிசம்பரில் இலங்கைக்குச் சான்றளித்தது. வழி தெளிவாக இருக்கிறது: தாய்க்கு மருந்து, பிரசவத்துக்குத் திட்டம், பிறந்த பிள்ளைக்குச் சில வாரங்கள் மருந்து, பிறகு பிள்ளைக்குச் சோதனைகள்.

தாய்ப்பாலா, பால்மாவா என்பதைப் பிரசவத்துக்கு முன்பே டொக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். ‘ஏன் பால் கொடுக்கவில்லை?’ என்று மாமியார் கேட்கும்போது சொல்வதற்கு ஒரு பதிலும் தயாராக இருக்க வேண்டும். அந்தப் பதில் இல்லாமல் தடுமாறித்தான் சிலர் இரண்டையும் கலந்து கொடுக்கத் தொடங்குகிறார்கள்.

11. மருந்து அறுந்துபோகாமல்

போத்தலில் இரண்டு வாரத்துக்கான மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த போத்தலை எடுக்கும்படி திகதி கேளுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது மலையகமெங்கும் மண் சரிந்து பாதைகள் மூடின. பையில் மூன்று மாத்திரைகள் மட்டும் வைத்துக்கொண்டு பாதை திறக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. மழைக்காலத்தில் போத்தலும் கிளினிக் கொப்பியும் ஒரே பொலித்தீன் பையில், கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். லயத்தை விட்டு இரவில் ஓட வேண்டியிருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு ஓடலாம்.

கொழும்புக் கடைகளில் வேலை செய்பவர்கள் தீபாவளிக்கு வீடு வரும்போது நான்கு நாளைக்கென்று நான்கு மாத்திரைகள் கொண்டுவருகிறார்கள். திருவிழா, கலியாணம், சாவு என்று பத்து நாட்கள் நின்றுவிடுகிறார்கள். எப்போதும் கணக்கைவிட இருமடங்கு கொண்டுவாருங்கள். வேலையிடம் நிரந்தரமாக மாறினால் மாற்றல் கடிதம் கேட்டு அந்த ஊர்க் கிளினிக்கில் சேர்ந்துகொள்ளலாம்.

இடையில் நிறுத்தாதீர்கள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு இதே மாத்திரைதான் ஈரலையும் காக்கிறது. திடீரென்று விட்டால் ஈரல் அழற்சி மூளக்கூடும். கசாயம் குடித்துப் பார்க்கிறேன் என்று மாத்திரையை விட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்களா? திட்டுவார்கள் என்று பயந்து ஒருவர் ஒன்றரை வருடம் போகாமலே இருந்தார். போனபோது தாதி கொஞ்சம் முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான். அன்றே இரத்தம் எடுத்தார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரைகளை நீங்களாக மறுபடி போடத் தொடங்காமல் நேரே கிளினிக்குக்குப் போங்கள். விட்ட நாட்களைக் குறைத்துச் சொல்லாதீர்கள், எந்த மருந்து தருவது என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். காலிப் போத்தல் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். எந்த மருந்து, எந்தத் திகதியில் கொடுத்தது என்பது அதன் ஒட்டுத்தாளில் இருக்கும்.